குழந்தைவேல் அண்ணையின் உறை பொய்யில்லை

மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு இருந்தபோது வானொலியில் மரண அறிவித்தல் போனது. "வல்வெட்டித்துறையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் களஞ்சியப் பொறுப்பாளரும் பிரபல முத்திரை சேகரிப்பாளருமான குழந்தைவேல்" என்று ஒரு பெண்குரல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த ஊர்ச் சாவுக்குப் போய்விட்டது. குசினிக்குள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "உங்கடை சிநேகிதர் எல்லே?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். இந்தப் பக்கங்களில் நான் ஒப்புக்கொள்ளப்போகும் பொய்களுக்குள் மிகச் சின்னது அந்த "ஓம்".

அந்த அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் யாரென்று தெரியாது. குழந்தைவேல் அண்ணை உயிரோடிருந்து கேட்டிருந்தால் வானொலிப் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் போட்டிருப்பார். அவர் வாழ்நாளில் முத்திரை சேகரித்ததில்லை. "முத்திரை சேர்க்கிறது பள்ளிக்கூடப் பிள்ளையள். நான் உறை சேர்க்கிறனான்" என்று எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறார். தபாலில் வந்த கடித உறை, ஒட்டிய முத்திரையோடும் குத்திய சீலோடும் எழுதிய முகவரியோடும் வந்தது வந்தபடி இருக்கவேண்டும். அதிலும் அவருக்கு வேண்டியவை இரண்டே வகை. விமானத்தில் வந்தவை ஒன்று, யுத்தகாலத்தில் கடற்படைக் கப்பல்களில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போட்டவை மற்றது.

எங்கள் சேகரிப்போர் வட்டம் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறது. மூத்த உறுப்பினன் என்று என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். "சிரிச்ச முகம், ஆரோடையும் பகைக்காத சுபாவம், அப்பிடி எழுதுங்கோ" என்று வழியும் காட்டினார்கள். நண்பர்களே, அவர் சிரித்த முகமுடையவர் அல்லர். பகைக்காதவரும் அல்லர். கடைசிப் பதினாறு வருஷம் அவர் நம் எவருடைய வீட்டுப் படியும் ஏறவில்லை, நாமும் அவருடைய படியை ஏறவில்லை. அவர் பொய்யுறை செய்து கொண்டுவந்தார் என்று சொல்லி நாம் அவரை ஒதுக்கினோம். அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொன்னவன் நான். அது பொய்ச் சாட்சி. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்னால் ஒரு வரியும் எழுத ஏலாது, ஆகவே உங்கள் ஒரு பக்கம் போதாது.

அவரை முதலில் கண்டது ஐம்பத்தாறில். தென்பகுதியில் வேலை செய்த என்னை மாற்றி யாழ்ப்பாணப் பட்டினத்துத் தபாற்கந்தோர் ஒன்றின் கவுண்டரில் இருத்தியிருந்தார்கள். சிங்களம் அரசமொழியான வருஷம். உத்தியோகத்தருக்கான சிங்களப் பரீட்சையை எழுதமாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றதில் பதவி உயர்வு எனக்கு அத்தோடு சரி. அப்படி எரிந்துகொண்டிருந்த ஒரு காலையில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் வந்து, தன் பெயருக்கே எழுதிய விமானத் தபால் உறையை நீட்டி, "சீல் பாதி முத்திரையிலையும் பாதி உறையிலையும் விழவேணும். எழுத்து ஊறக்கூடாது. மெல்லமாக் குத்தும்" என்றார். நான் குத்தினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீலைப் பார்த்தார்.

"நீர் இடக்கையோ?"

"ஓம். ஏன்?"

"சீல் வலப்பக்கம் சரிஞ்சு விழுகுது. வலக்கைக்காரர் குத்தினா இப்பிடிச் சரியாது. யுத்தத்துக்குள்ளை எங்கை வேலை செய்தனீர்?"

கிழக்குக் கரையில் கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு பட்டினத்தின் பெயரைச் சொன்னேன். அங்கேதான் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. உறையைக் கடதாசிக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, ஆறுதலாக நடந்து போனார். இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் விமானத் தபால் உறைகள் சேர்ப்பவன் என்பதால் பழக்கம் வளர்ந்தது. கோப்பாயிலிருந்து நான் சைக்கிளில் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வல்வெட்டித்துறையில் வீடு வீடாக என்னைக் கூட்டிக்கொண்டு திரிவார். கப்பலோட்டிய குடும்பங்கள். ரங்கூனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்த கடிதங்கள் றங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கும். அவரும் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் வள்ளத்தில் கால் வைத்தால் அவருக்குத் தலை சுற்றிச் சத்தி வரும். பரம்பரையிலேயே கரையில் உத்தியோகம் பார்த்த முதல் ஆள் என்று ஊரில் அவரைக் கேலி செய்வார்கள். அவர் ஒரு வீட்டில் உறை எடுத்தால், உள்ளே இருக்கும் கடிதத்தை வீட்டுக்காரரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எடுக்கும்வரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். பிறகு உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் அந்த வீட்டாரின் பெயரை எழுதுவார். "என்னட்டை இருக்கிறது, என்ரை இல்லை. கேட்ட நேரம் திருப்பித் தருவன்" என்று சொல்லித்தான் வாங்குவார். இது எனக்கு வெறும் நடிப்பாகத் தெரிந்தது.

ஒருநாள் ஒரு கிழவி பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்த உறையைக் கண்டு கிட்டக் குனிந்து பார்த்தேன். அந்தக் காலத்தில் விமானத்தில் வந்து, வழியில் இரண்டு இடத்தில் சீல் விழுந்த உறை. என்னுடைய சேகரிப்பில் அதற்கு இடம் காலியாகவே இருந்தது. கிழவி சொன்னார்: "தம்பி, நீ வேணுமெண்டால் கடிதத்தைக் கொண்டு போ. உறையை விட்டிட்டுப் போ. உதிலைதான் அவர் என்ரை பேரை எழுதியிருக்கிறார்." குழந்தைவேல் அண்ணை உறையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் நான் அவரோடு சண்டை. "முத்திரை அரசாங்கத்தின்ரை. சீல் கந்தோரின்ரை. முகவரி மட்டும்தான் மனிசன்ரை. அந்த மனுசி சொன்னதுதான் சரி" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. என் வயிறு எரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் கொழும்பில் ஒரு கண்காட்சி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவருடைய சேகரிப்பை மட்டும் அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கடையின் மேல்மாடி மண்டபத்தில் வட்டம் கூடியது. உங்களில் ஒன்பது பேர் அங்கே இருந்தீர்கள். என் விமான உறைகள் ஒரு மேசையில், அவருடைய கடற்படை உறைகள் மறுமேசையில். இரண்டையும் ஒருமுறை சுற்றிவந்த எவருக்கும் விடை தெரியும். என்னுடையவை காசு கொடுத்து வாங்கியவை. அவருடையவை ஊர் முழுக்க நடந்து வந்தவை.

நடுவில் ஒரு உறையை அவர் தனியாக வைத்திருந்தார். அதுவரை எவருக்கும் காட்டாத உறை. யுத்தத்தில் கடற்படையில் சேர்ந்த அவருடைய தமையன், கப்பல் கிழக்குக் கரைத் துறைமுகத்தில் நின்றபோது தாய்க்குப் போட்டது. போட்டு இரண்டு கிழமைக்குள் கப்பல் கடலோடு போய்விட்டது. தமையனின் உடலும் இல்லை, உடுப்பும் இல்லை. கடிதம் தாயின் கையிலேயே கசங்கி அழிந்துபோக, மிஞ்சியது உறை மட்டும். கடற்படைத் தணிக்கைச் சீல் ஒரு மூலையில், தபாற்கந்தோர்ச் சீல் மறுமூலையில்.

கோட்டில் குறுக்கு விசாரணை செய்து பழகிய எங்கள் தலைவர் புறக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, "குழந்தைவேல், உம்மடை தமையன் எப்ப நேவியிலை சேர்ந்தவர்?" என்று கேட்டார்.

"இந்தச் சீலிலை கிடக்கிற வருஷம், ஆடி மாதம்."

"சீலிலை ஜனவரி எண்டெல்லே கிடக்குது? ஆடியிலை சேர்ந்தவர் அந்த வருஷம் ஜனவரியிலையே நேவிக் கப்பலிலை இருந்து எப்பிடிக் கடிதம் போட்டவர்?"

மண்டபத்தில் ஒருவர் சிரித்தார். அண்ணை நிதானமாகச் சொன்னார்: "அது அடுத்த ஜனவரி. வருஷம் பிறந்த கையோடை சீலிலை வருஷத்தை மாத்த மறந்திட்டினம். திகதி மாறியிருக்கு, மாதம் மாறியிருக்கு, வருஷம் மாறேல்லை."

தபாற்கந்தோர்ச் சீலில் திகதியும் மாதமும் வருஷமும் தனித்தனி ஈயத் துண்டுகள். திகதித் துண்டை ஒவ்வொரு காலையும் மாற்றுவோம். வருஷத் துண்டை முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் தொடுவோம். கை அதை மறக்கும். இதை அறிந்தவன் அந்த மண்டபத்தில் ஒருவன்தான் இருந்தான். அண்ணை அவன் பக்கம் திரும்பி, வட்டத்தில் எல்லாரும் என்னைக் கூப்பிடும் பட்டப்பெயரால் கூப்பிட்டார்.

"போஸ்ற் மாஸ்ரர், நீர் சொல்லும். உப்பிடி நடக்கிறதோ, நடக்கிறேல்லையோ?"

நான் எழுந்து மேசைக்குப் போய் உறையைப் பார்த்தேன். பார்த்த கணமே தெரிந்தது. விளிம்பில் ஒரு இடம் உடைந்த அந்தச் சீலை நான் இரண்டு வருஷம் கையில் வைத்திருந்தவன். அது வலப்பக்கம் சரிந்து விழுந்திருந்தது. அந்த ஜனவரி முதல் மூன்று நாளும் வருஷத்தை மாற்றாமல் நூற்றுக்கணக்கான கடிதங்களுக்குக் குத்தியவன் நான். நாலாம் நாள் கண்டுபிடித்து, ஒருவருக்கும் சொல்லாமல் துண்டை மாற்றினேன். தினமும் முதற் சீலைக் குத்திவைக்கும் கொப்பியிலும் மூன்று இடத்தில் பேனையால் வருஷத்தைத் திருத்தினேன். மேலதிகாரி பாராமலே கையெழுத்து வைத்திருந்ததால் தப்பினேன். அந்த மூன்று நாளில் ஒருநாள் ஒரு மாலுமி தாய்க்கு எழுதிய உறை என் கைக்குக் கீழே வந்து போயிருக்கிறது.

"நடக்க வழியில்லை" என்றேன். "காலமை முதற் சீலைக் கொப்பியிலை குத்தி, பெரியவர் பாத்துக் கையெழுத்து வைச்ச பிறகுதான் மற்றக் கடிதத்துக்குக் குத்துறது. மூண்டு பேர் பாக்கிற சாமான். வருஷம் பிழைக்காது."

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். பொய் சொல்லுவதற்கு அதைவிட வசதியான வழி இல்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். கண்காட்சிக்காக. அதைவிட, எனக்கு அந்த மேல்மாடியைத் தவிர வேறெங்கும் மதிப்பு இருக்கவில்லை. கந்தோரில் என்னிலும் இளையவர்கள் எனக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிழை விடாத தபாற்காரன் என்று பத்துப் பேர் என் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் "பிழை விட்டவன் நான்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் ஏதோ சொல்லுவேன் என்று காத்திருப்பவர் மாதிரி. பிறகு உறைகளை ஒவ்வொன்றாக பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கினார். தமையனின் உறையை மட்டும் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். என் சேகரிப்புக் கொழும்புக்குப் போய் ஒரு வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பி வந்தது. நீங்கள் எனக்கு மாலை போட்டீர்கள்.

சங்கதி அந்த மேல்மாடியோடு நின்றிருந்தால் இவ்வளவு கசக்காது. வல்வெட்டித்துறை பஸ்ஸில் ஏறிய கதை ஆளுக்காள் வளர்ந்தது. செத்த தமையனின் பேரில் பொய்க்கடிதம் செய்தவர் என்றார்கள். எங்கள் வீட்டு உறையிலும் என்னத்தைச் செய்தாரோ என்று ஒரு வீட்டார் போய்த் திருப்பிக் கேட்டார்கள். பிறகு அடுத்த வீட்டார். அவர் ஒருவரிடமும் மறுத்துக் கதைக்கவில்லை. பின்பக்கத்துப் பென்சில் பெயரைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் ரின் காலி. திரும்பிப்போன உறைகளுக்கு என்ன நடந்தது என்பதை நானே ஒருமுறை கண்டேன். அந்த ஊரில் ஒரு சாவீட்டுக்குப் போனபோது பக்கத்து வளவுக் கிணற்றடியில் ஒரு மனிதர் அலுமினியச் சட்டித் தண்ணீரில் ஏழெட்டு உறைகளை ஊறப்போட்டு, மகனின் கொப்பியில் ஒட்ட முத்திரைகளை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு உறையில் கடற்படைத் தணிக்கைச் சீலின் மை தண்ணீரில் கரைந்து நீலமாகப் பரவியது. "பழசு, இனி என்னத்துக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலு வருஷத்துக்கு முன் என் நெஞ்சில் நோ கண்டு பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். வெளியே வந்ததும் முதல் வேலையாக வல்வெட்டித்துறைக்குப் போனேன். சாவுப் பயம்தான், வேறு பெரிய மனமாற்றம் ஒன்றும் இல்லை. அவர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். "வாரும்" என்றார், இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து அண்ணை?"

"ஐம்பத்தாறிலை நீர் எனக்குக் குத்தின முதல் சீலை வீட்டை கொண்டுபோய் என்ரை அண்ணையின்ரை உறைக்குப் பக்கத்திலை வைச்சுப் பாத்தனான். ஒரே கை."

"பிறகேன் அந்த மண்டபத்திலை நீங்கள் சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

எனக்கு அழுகை வந்தது. "என்னை மன்னியுங்கோ அண்ணை" என்றேன்.

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லும்."

"வாற கூட்டத்திலை சொல்லுறன்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்தக் கூட்டத்தில் புறக்டரின் மகளுக்குக் கலியாணம் என்று எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் மழை, நாலு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்ததில் எனக்கே காய்ச்சல் மாதிரி இருந்தது. பிறகு அந்த மேல்மாடியைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் ஒரு ரியூற்றறிக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார்கள். மண்டபமே இல்லாமற் போனதும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று எழுதுவது? அவர் ஒரு கடிதம் போட்டுக்கூட என்னிடம் கேட்கவில்லை. நாலு வருஷமும் காத்துக்கொண்டிருந்திருப்பார்.

செத்தவீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உடலைச் சுடலைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி இராசமணி அக்காவிடம் போய், "அந்த உறை எங்கை அக்கா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு உறைதான். "அவரின்ரை நெஞ்சிலை வைச்சு அனுப்பிவிட்டம். தமையன்ரை எண்டு அதொண்டுதானே இருந்தது" என்றார். அப்போதுதான், தெரியாத ஒருவருக்கு முதன்முறையாக, உண்மையைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். "அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பிறகு என்னோடு கதைக்கவில்லை.

வெளியே பந்தலுக்குள் நீங்கள் ஆறு பேர் இருந்தீர்கள். புறக்டர் நடுவில். அங்கேயும் சொன்னேன். சரிந்த சீல், மூன்று நாள், கொப்பித் திருத்தம், ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. புறக்டர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"போஸ்ற் மாஸ்ரர், செத்த மனிசன்ரை பேரைக் காப்பாத்த உம்மடை பேரையே கெடுக்கத் துணிஞ்சிட்டீர். உந்தப் பெரிய மனசு ஒருத்தருக்கும் வராது."

"இல்லை ஐயா, இது உண்மை" என்றேன்.

"விளங்குது, விளங்குது. மலரிலையும் இதை மேலோட்டமா எழுதிவிடும். பெண்சாதி பிள்ளையளுக்கு ஆறுதலா இருக்கும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறையைக் காட்டி நிரூபிக்கலாம் என்றால் அது சாம்பல். கொப்பியை எந்தக் காலத்திலோ கந்தோர் அழித்திருக்கும். என் இடக்கையை நீட்டிக் காட்டினேன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

நண்பர்களே, மேலோட்டமாக எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். குழந்தைவேல் அண்ணையின் உறை மெய்யானது. இதை வாசித்துவிட்டும் நீங்கள் என் நல்ல மனதைத்தான் மெச்சுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டு, கேட்பவர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எவரும் நம்பவில்லை என்று கண்டுகொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்பதை அன்று பந்தலுக்குள் அறிந்தேன். அவர் பதினாறு வருஷம் அப்படி நின்றவர். அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். எனக்கு அது வெறும் ஒரு மாதப் பழக்கம்.